டிராகனைக் கொல்லலாம், வாசலைத் திறக்க முடியாது

"அக்கா, இந்த கேம்லயும் சேரி இருக்கு."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசிப்பு வட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். விடுதியில் தங்கிப் படிப்பவன். அந்த லேப்டாப்பும் சீனியர் ஒருவர் படிப்பு முடிந்து போகும்போது அரை விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதில் 'ஸ்கைரிம்' ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. டிராகன் பறக்கிறது, கையிலிருந்து நெருப்பு வருகிறது, செத்தவன் எழுந்து வாள் வீசுகிறான். அதில் எங்கே சேரி? அவன் பதில் சொல்லவில்லை. பனி மூடிய ஒரு கோட்டை நகரத்தின் பெரிய வாசல் வழியாக உள்ளே போனான். அரண்மனைப் பக்கம் போகாமல் பக்கத்துச் சந்தில் இறங்கினான். இருட்டு. இரண்டு பக்கமும் உயரமான கல் சுவர். நெருக்கிக் கட்டிய வீடுகள். "இது உள்ள இருக்கிறது. சுவருக்கு வெளிய இன்னொண்ணு இருக்கு, காட்டவா?" என்றான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், இரவு வேலையெல்லாம் முடிந்தபின் நானும் உட்கார்ந்து விளையாடினேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது. ஒரு கற்பனை உலகத்தில் கிடக்கும் சின்னச் சின்ன விஷயங்களை நம் கண்ணால் பார்த்தால் என்ன தெரிகிறது என்று உங்களோடு பேச நினைக்கிறேன்.

எறும்பு வரை யோசித்தவர்கள்

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 'ஸ்கைரிம்' 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் செய்தது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் ஐந்தாவது கேம். உலகத்தையே விழுங்க வந்த ஆல்டுயின் என்னும் டிராகனைக் கொல்வதற்கென்று பிறந்த ஆள்தான் விளையாடுபவர். அந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

அந்த உலகத்தின் நுணுக்கத்தைப் புகழாதவர்கள் கிடையாது. வெட்டிப் போட்ட மரத்தடியில் எறும்பு ஊர்கிறது. அருவியில் மீன் எதிர்நீச்சல் போட்டுத் துள்ளுகிறது. இரவானால் மின்மினி பறக்கிறது. கடைக்காரர் காலையில் கடை திறக்கிறார், இரவில் பூட்டிவிட்டுத் தூங்கப் போகிறார். மேசையில் இருக்கும் தட்டு, கரண்டி, முட்டைக்கோஸ், மூலையில் சாத்தியிருக்கும் துடைப்பம், எல்லாவற்றையும் கையில் எடுக்கலாம். விறகு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி கிடைக்கும்.

இதையெல்லாம் 'ரியலிசம்' என்று சொல்கிறார்கள். நானும் ரசித்தேன். ஆனால் எறும்பை மட்டும் வைத்து ஓர் உலகம் உண்மையா பொய்யா என்று முடிவுகட்ட முடியாது. யார் எங்கே குடியிருக்கிறார்கள்? யார் எந்த வாசல் வழியாக வரலாம்? யாருடைய உழைப்பு கண்ணில் படுகிறது, யாருடையது படவில்லை? ஓர் ஊருக்குள் நுழைந்ததும் நாம் தேடுவது இதைத்தான். கற்பனை ஊராக இருந்தாலும் அதையேதான் தேட வேண்டும்.

விண்ட்ஹெல்மின் இரண்டு எல்லைகள்

தம்பி காட்டிய நகரத்தின் பெயர் விண்ட்ஹெல்ம். அங்கே ஆதிக்கம் செலுத்துபவர்கள் நார்டுகள். சந்துக்குள் வாழ்பவர்கள் டன்மர்கள், சாம்பல் நிறத் தோல் கொண்ட மக்கள். சிவப்பு மலை என்னும் எரிமலை வெடித்து, சொந்த நாட்டை விட்டு அகதிகளாக வந்தவர்கள். கேமின் கணக்குப்படி அது நடந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் அதே சந்துதான். முன்பு அதற்குப் பனிக் குடியிருப்பு என்று பெயர். இவர்கள் வந்த பிறகு சாம்பல் குடியிருப்பு என்று மாறிவிட்டது. குடியிருப்பவர்களை வைத்து ஒரு தெருவின் பெயரே மாறுவது நமக்குப் புதிதா?

நகரத்துக்குள் முதல் தடவை நுழையும்போதே ஒரு காட்சி. ரோல்ஃப் என்னும் நார்டும் அவன் கூட்டாளியும் ஒரு டன்மர் பெண்ணை வழிமறித்து நிற்கிறார்கள். உங்கள் நாற்றத்தால் எங்கள் ஊர் கெட்டுப்போகிறது என்று ஏசுகிறார்கள். தீட்டு என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் தீட்டின் இலக்கணம் முழுவதும் அந்த ஏச்சில் இருக்கிறது. அதே ரோல்ஃப் நள்ளிரவுக்குப் பிறகு சாம்பல் குடியிருப்புக்குள் நடந்துகொண்டே, தூங்குபவர்களைத் திட்டுகிறான். இந்த நேரத்தில் எழுந்து, இந்தத் தெருவுக்குள் நடந்து, இவர்களைத் திட்ட வேண்டும் என்று அந்தப் பாத்திரத்துக்கு யாரோ உட்கார்ந்து ஓர் அட்டவணை எழுதியிருக்கிறார்கள். பாதி விளையாட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்குப் போயிருக்கவே மாட்டார்கள். திருவிழா இரவுகளில் நம் தெருமுனைக்கு வந்து வண்டியை முறுக்கிவிட்டுப் போகும் ஆட்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

இன்னொரு விஷயம். புருன்வுல்ஃப் என்ற நார்டு ஒருவர் மட்டும் நியாயம் பேசுகிறார். நார்டுகளைக் கொள்ளையர்கள் தாக்கினால் படை உடனே போகிறது, மற்றவர்களைத் தாக்கினால் நகரத்தின் தலைவர் உல்ஃப்ரிக் கண்டுகொள்வதில்லை என்கிறார். புகாரே பதிவாகாத காவல் நிலையத்தின் வாசலில் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரைத் தண்டிக்கத் தனிப் பிரிவு வைக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

அந்த உல்ஃப்ரிக் யார்? பேரரசை எதிர்த்து விடுதலைப் போர் நடத்தும் தலைவர்! சொந்த நகரத்தின் சுவருக்குள் ஒரு சந்தை அடைத்து வைத்துக்கொண்டு நாட்டு விடுதலை பேசுகிறார். யாருடைய விடுதலை என்று அண்ணல் அம்பேத்கர் காங்கிரசைக் கேட்டார். 1945இல் அதற்காக ஒரு முழுப் புத்தகமே எழுதினார். விண்ட்ஹெல்மில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

இப்போது சுவருக்கு வெளியே வருவோம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள் ஆர்கோனியர்கள், பல்லி போன்ற உடல் கொண்ட மக்கள். அவர்கள் நகரச் சுவருக்குள் குடியிருக்க முடியாது. படகுத்துறையை ஒட்டி ஒரே ஒரு கொட்டகை, அதில் எல்லோரும் தங்குகிறார்கள். நார்டு தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலியில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்யும் காஜீத்கள், பூனை முகம் கொண்டவர்கள். அவர்களும் எந்த நகரத்துக்குள்ளும் வர முடியாது. வாசலுக்கு வெளியே கூடாரம் போட்டுத்தான் விற்க வேண்டும். பொருளை வாங்கிக்கொள்வார்கள், ஆளை உள்ளே விடமாட்டார்கள்.

ஆக டன்மர் ஒதுக்கப்பட்டவர், ஆனால் சுவருக்கு உள்ளே. ஆர்கோனியர் சுவருக்கு வெளியே. இதே வரிசையில் 2002இல் வந்த 'மாரோவிண்ட்' கேமை விளையாடியவர்களுக்கு இன்னொன்று தெரியும். அங்கே டன்மர்கள் தங்கள் சொந்த நாட்டில் ஆர்கோனியர்களையும் காஜீத்களையும் அடிமைகளாக வைத்திருந்தார்கள். இன்றைக்கு மிதிபடுபவர் நேற்று மிதித்தவர். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைக்கு இதைவிடத் தெளிவான பாடம் எடுக்க முடியுமா? எல்லோருக்கும் மேலே ஒருவர், எல்லோருக்கும் கீழே ஒருவர். அதனால்தான் எல்லோரும் ஒன்றுசேர்ந்து மேலே பார்ப்பதில்லை.

ஒரு நிதானமும் வேண்டும். டன்மர் தலித் அல்ல, ஆர்கோனியர் தலித் அல்ல. அங்கே உடலே வேறு வேறு. ஒருவருக்குச் செதில் இருக்கிறது, ஒருவருக்கு வால் இருக்கிறது. சாதியின் கொடுமையே வேறு. கண், காது, தோல், மொழி எல்லாம் ஒன்றாக இருந்தும், ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டுத்தான் இங்கே வித்தியாசம் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்கைரிமில் சாதி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒதுக்கி வைத்தல் என்பது சுவர், வாசல், கூலி, வசை என்ற நான்கு சாமான்களால் கட்டப்படுகிறது. அது அந்தக் கேமைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதுவரை அவர்களுக்குப் பாராட்டு.

துடைப்பம் இருக்கிறது, துடைப்பவர் இல்லை

இனி அவர்கள் பார்க்காமல் விட்டதைப் பார்ப்போம்.

ஸ்கைரிமில் வீட்டுக்கு வீடு துடைப்பம் இருக்கிறது. வாளி இருக்கிறது. ரிஃப்டன் என்ற நகரத்துக்கு அடியில் பெரிய சாக்கடைச் சுரங்கமே இருக்கிறது. திருடர்களும் போக்கற்றவர்களும் அதற்குள் வாழ்கிறார்கள். ஆனால் நான் விளையாடிய இத்தனை மணி நேரத்தில், அந்தச் சாக்கடையில் அடைப்பு எடுக்க இறங்கிய ஒருவரையும் பார்க்கவில்லை. மலம் அள்ளியவர் இல்லை. செத்த மாட்டை இழுத்துப் போனவர் இல்லை. அத்தனை குதிரைகள் இருந்தும் லாயம் பளிச்சென்று இருக்கிறது. நகரம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. அங்கே இருக்கும் மந்திரங்களிலேயே பெரிய மந்திரம் இதுதான்.

தோல் விஷயத்தைக் கவனியுங்கள். ஓநாயைக் கொன்றால் அதன் தோல் கிடைக்கும். கொல்லர் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு மரச்சட்டம் இருக்கிறது. அதன் முன்னால் நின்று பொத்தானை அமுக்கினால் போதும், பச்சைத் தோல் பதப்பட்ட தோலாகிவிடும். கை நனையாது. நாற்றம் கிடையாது. ஒரு நொடி.

பச்சைத் தோல் ஒரு நொடியில் பதப்படாது. உப்பைக் கழுவி ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரை நீக்க வேண்டும். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்ட வேண்டும். பிறகு பட்டைச் சாறு. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டைதான் காலங்காலமாகப் பயன்பட்டது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும் வேலை. ஐரோப்பாவிலும் தோல் பதனிடும் இடத்தை ஊருக்கு வெளியே, ஆற்றின் கீழ்ப்பக்கமாகத் தள்ளித்தான் வைத்தார்கள். அங்கே நாயின் மலத்தைக்கூடப் பதனிட உபயோகித்தார்கள், லண்டன் தெருக்களில் அதைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இருந்தார்கள். இங்கே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொட்டிகளில் இறங்கி நின்ற கால்கள் யாருடையவை என்று நமக்குத் தெரியும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் தூக்கத்திலேயே செத்தார்கள். கழிவு அவர்களை மூடிவிட்டது.

ஒரு கேமில் நாற்றத்தைக் காட்ட முடியாது என்று சொல்லலாம். நியாயம்தான். வேலையை ஒரு நொடியாகச் சுருக்குவதும் விளையாட்டின் வசதிக்காகத்தான். வாள் செய்யும் வேலையையும் சுருக்கித்தான் இருக்கிறார்கள். ஆனால் வாள் செய்யக் கொல்லர் என்று ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, பெருமை உண்டு. தோலுக்கு மரச்சட்டம் மட்டும்தான். சுருக்கும்போது எந்த வேலையில் ஆளை விட்டு வைத்தோம், எந்த வேலையில் ஆளையே அழித்தோம் என்பதுதான் கேள்வி. நம் நாட்டிலும் 2013இல் சட்டம் போட்டுக் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். கேட்டால், அப்படி யாரும் இல்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அங்கே மரச்சட்டம் செய்வதை இங்கே காகிதம் செய்கிறது.

பிறப்புக்குப் போட்ட மார்க்

இதைவிடச் சின்ன விஷயம் ஒன்று உண்டு. வெறும் எண்.

ஆட்டத்தைத் தொடங்கும்போது நீங்கள் யார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நார்டு, டன்மர், ஆர்கோனியர், காஜீத் என்று பத்து வகை. ஒவ்வொரு பிறப்புக்கும் சில திறமைகளில் கூடுதல் புள்ளி. நார்டாகப் பிறந்தால் இரண்டு கையால் வாள் வீசும் திறனில் 10 புள்ளி அதிகம். காஜீத்தாகப் பிறந்தால் பதுங்கிப் போகும் திறனில் 10 அதிகம், பூட்டு உடைப்பதிலும் பாக்கெட் அடிப்பதிலும் 5 அதிகம். ஆர்கோனியராகப் பிறந்தால் பூட்டு உடைப்பதில் 10 அதிகம். அடிப்படைப் புள்ளி 15. ஆக, பிறந்த குழந்தையாகவே காஜீத்துக்குப் பதுங்கும் திறன் 25, நார்டுக்கு 15.

இப்போது யோசியுங்கள். காஜீத் என்றால் திருடன் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால்தான் வாசலில் நிறுத்துகிறார்கள். கதை அதைத் தவறு என்று நம்மை உணரவைக்கப் பார்க்கிறது. ஆனால் கதைக்கு அடியில் ஓடும் கணக்கு என்ன சொல்கிறது? ஊர் சொல்வது சரிதான் என்கிறது! வாய் சமத்துவம் பேசுகிறது, கணக்கு வர்ணம் பேசுகிறது.

பிறப்பே தொழில், பிறப்பே குணம் என்ற இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா? 1871இல் வெள்ளையர் அரசு குற்றப் பழங்குடியினர் சட்டம் கொண்டு வந்தபோது, ஒரு குழந்தை பிறந்த நிமிடமே குற்றவாளி என்று கணக்கில் ஏறியது. விடுதலைக்குப் பிறகு 1952இல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீங்கியது. சட்டம் போய்விட்டது, சந்தேகப் பார்வை போகவில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே "கோட்டாவா?" என்று கேட்பவர் மனதிலும் இதே அட்டவணைதான் ஓடுகிறது. ஒரு பிறப்புக்குப் படிப்பில் கூடுதல் 10 புள்ளி, இன்னொரு பிறப்புக்கு உடல் உழைப்பில் 10 புள்ளி.

கற்பனை உலகம் என்றால் அப்படித்தான் இருக்கும், மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். இந்த வகைக் கேம்களுக்கெல்லாம் தாத்தா 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 2020இல் வந்த அதன் துணை நூலிலேயே பிறப்புக்கான புள்ளிகளை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2024இல் வந்த புதிய விதிப் புத்தகத்தில் அந்தப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நீ வளர்ந்த விதம், செய்த வேலை, அதற்குத்தான் புள்ளி. 'இனம்' என்ற சொல்லையும் கைவிட்டார்கள். கேட்டவர்கள் இருந்ததால் மாறியது. விதி எழுதியது மனிதர்தான், மனிதர் திருத்தினார்கள்.

விதிவிலக்கு என்னும் பொறி

தம்பியிடம் கேட்டேன், "நீ எப்பவும் நார்டாவே விளையாடுறியே, ஏன்?" கொஞ்சம் யோசித்தான். "அவனை யாரும் நிறுத்த மாட்டாங்கன்னு நெனச்சேன்கா" என்றான்.

அந்தப் பதில் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கற்பனையில்கூட, எந்த உடம்பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட இடத்தில்கூட, நிறுத்தப்படாத உடம்பைத் தேடுகிறான் பிள்ளை.

அடுத்த வாரம் அவனை ஆர்கோனியராக விளையாடச் சொன்னேன். விண்ட்ஹெல்ம் வாசலுக்குப் போனோம். ஆர்கோனியர்களுக்கு அனுமதி இல்லாத அதே வாசல். காவலன் நிறுத்தவில்லை. கதவு திறந்தது. வீதியில் நடந்தோம். விடுதியில் அறை எடுத்தோம். ஆட்டம் போகப் போக அந்த நகரத்தில் வீடே வாங்கலாம், பட்டமே பெறலாம். காவலர்கள் வாய்க்குள் ஏதாவது முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். சுவருக்கு வெளியே மூட்டை தூக்கும் ஆர்கோனியர்கள் மட்டும் அதே கொட்டகையில் இருக்கிறார்கள்.

தம்பி சிரித்தான். "நான் உள்ள வந்துட்டேன். அவங்க அங்கயே நிக்கிறாங்க."

இந்தக் கேமின் ஆகப்பெரிய பொய் இதுதான். டிராகன் பொய் இல்லை, அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஒதுக்குதல் இருக்கிற ஊரில் ஒருவனை மட்டும் அது தொடாது என்பதுதான் பொய். அந்த ஒருவன் நீதான் என்று சொல்வது அதைவிட மோசமான பொய்.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் இன்றே படியுங்கள், சின்னப் புத்தகம்தான். 1901இல் சிறுவன் பீமாராவ் அண்ணனோடும் மற்றப் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகிறான். மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை. கையில் பணம் இருக்கிறது. மகார் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற மாட்டேன் என்கிறார். கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்குச் சம்மதிக்கிறார், அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. வழியெல்லாம் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை.

ஸ்கைரிமிலும் ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் வெளியே குதிரை வண்டி நிற்கிறது. ஊரைப் பொறுத்து 20 அல்லது 50 பொற்காசு. நார்டாக இருந்தாலும் காஜீத்தாக இருந்தாலும் அதே கட்டணம், அதே இருக்கை. காசு கொடுத்தால் கொண்டுபோய் விடுவார். வாசலில் காஜீத்களை நிறுத்தி வைக்கும் ஒரு நாட்டில், வண்டிக்காரர் மட்டும் எப்படிப் பேதம் பார்க்காமல் இருக்கிறார்? ஏனென்றால் அந்த வண்டியில் ஏறப்போவது விளையாடுபவர். அவருக்கு வலிக்கக் கூடாது.

பள்ளியில் தான் உட்கார ஒரு கோணித் துண்டு இருந்ததையும் அம்பேத்கர் எழுதுகிறார். பள்ளியைக் கூட்டும் வேலைக்காரர் அதைத் தொடமாட்டார் என்பதால் தினமும் வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் எடுத்து வர வேண்டும். ஒரு கோணித் துண்டு, ஒரு வண்டிக் கூலி, பியூன் வந்தால்தான் திறக்கும் ஒரு குழாய். தீண்டாமை என்றால் என்னவென்று வெளிநாட்டவருக்குச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களைத்தான். உலகம் எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏன் இதைப் பேச வேண்டும்?

"ஊரில் இத்தனை கொடுமை நடக்குது, கேம் ஒரு கேடா?" என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. உத்தபுரத்தில் 2008இல் சுவரில் ஒரு பகுதியை இடிக்க எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்று பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் நம் பிள்ளைகள் இந்த உலகங்களுக்குள் மணிக்கணக்காக வாழ்கிறார்கள். எது இயல்பு, எது சாத்தியம் என்று அங்கேயும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஸ்கைரிம் கற்றுக்கொடுப்பது என்ன? பிச்சைக்காரருக்கு ஒரு காசு போட்டால் உங்கள் பேச்சுத் திறன் சிறிது நேரம் கூடுகிறது. தர்மம் வாங்கியவர் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், புண்ணியம் கொடுத்தவருக்கு. துறைமுகத் தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டுமென்றால், நீங்கள் போய் முதலாளியிடம் பேசி ஒத்துக்கொள்ள வைக்கலாம். நல்லதுதான். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் தாங்களே ஒன்றுகூடி வேலையை நிறுத்துவதற்கு அங்கே வழியில்லை. யாராவது ஒரு நாயகன் வந்து பேச வேண்டும். உள்நாட்டுப் போரில் உல்ஃப்ரிக் தோற்றால், நியாயம் பேசிய புருன்வுல்ஃப் தலைவராகிறார். அப்போதும் சாம்பல் குடியிருப்பு அதே சந்துதான், துறைமுகக் கொட்டகை அதே கொட்டகைதான். நல்லவர் நாற்காலியில் உட்கார்ந்தால் சுவர் தானாக விழுந்துவிடாது. இதை மட்டும் அந்தக் கேம், தெரிந்தோ தெரியாமலோ, உண்மையாகச் சொல்லிவிட்டது.

உலகத்தை விழுங்க வந்த டிராகனைக் கொல்லலாம். செத்தவர்களின் உலகத்துக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பலாம். ஆனால் ஓர் ஆர்கோனியத் தொழிலாளியின் கையைப் பிடித்து, நகர வாசல் வழியாக உள்ளே அழைத்துவந்து குடியமர்த்த ஒரு பொத்தான் கிடையாது. முடியாத காரியம் என்பதால் விட்டுவிட்டார்களா? இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. தோன்றக்கூடியவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

கணினி படிக்கும் தம்பி தங்கைகளே, இங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. 2023இல் வந்த 'வெண்பா' ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கேமாக ஆக்கியது. இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு புதிர். அந்த அடுப்படியில் நின்றவருக்குத்தான் அது தோன்றும். அதுபோல இரட்டைக் குவளை, ஊர்ப் பொதுக்குழாய், சுடுகாட்டுப் பாதை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த தெரு, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஸ்கைரிமை மாற்றி அமைக்கும் கருவியை அந்த நிறுவனமே 2012இல் இலவசமாகக் கொடுத்துவிட்டது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கொண்டு புது வாள், புது உடை, புது ஊர் என்று செய்து தள்ளுகிறார்கள். நீங்கள் ஒரு வாசலைச் செய்யலாம்.

கணினி தெரியாதவர்களுக்கும் வேலை உண்டு. ஒரு கிராமத்துக்கு உண்மை அறியும் குழுவாகப் போகும்போது, யார் அடித்தார், யார் விழுந்தார் என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, பேருந்து எங்கே நிற்கிறது, தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு முடிகிறது, ரேஷன் கடை வாசல் யார் தெருவைப் பார்த்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கண் வந்துவிட்டால் எந்த உலகத்துக்குள் போனாலும் சேரி தெரியும்.

தம்பி இப்போது புது ஆட்டம் தொடங்கியிருக்கிறான். காஜீத்தாக. நேற்று போனில் கேட்டேன், எங்கே இருக்கிறாய் என்று. "வாசலுக்கு வெளியதான்கா. உள்ள போகலாம், நிறுத்தமாட்டாங்க. ஆனா கொஞ்ச நேரம் இவங்க கூட நெருப்புப் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றான்.

ஜெய்பீம்.